மா ஒட்டுக்கன்று: அறிகுறி பார்த்துக் குறை கண்டறியும் வழிமுறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூரைச் சுற்றியுள்ள நாற்றுப்பண்ணைகளில் ஒட்டுக் கட்டும் பருவம் தொடங்கிவிட்டால், ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே குறைகள்தாம் திரும்பத் திரும்ப வந்து சேருகின்றன. "கன்று பட்டுப்போச்சுங்க" என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நாட்டுக்கன்றும் ஒட்டுக்குச்சியும் சேரும் ஒட்டு முடிச்சுக்கு மேலே பட்டதா, கீழே பட்டதா?

ஒட்டுக்கன்று ஒன்றில் இரு வேறு வகையில் பிறந்த இரண்டு உயிர்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. முடிச்சுக்குக் கீழே உள்ள நாட்டுக்கன்று, பூவில் மகரந்தம் சேர்ந்து உண்டான கொட்டையிலிருந்து வந்தது; அதற்குத் தாயும் தந்தையும் உண்டு, ஒன்றுபோல் இன்னொன்று இராது. மேலே உள்ள குச்சியோ தாய்மரத்தின் துண்டு. உயிரணுக்கள் பிரிந்து பெருகியே வளர்வதால் தாய்மரத்தின் குணம் அப்படியே தொடரும். கீழ்ப்பகுதியின் குறையை மேற்பகுதியில் தேடினால் பணமும் பருவமும் வீணாகும். ஆகவே கீழ்க்காணும் தலைப்புகளில் உங்கள் கன்றின் அறிகுறி எதுவோ அதை மட்டும் படித்து, ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனையை முதலில் முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். கூர்மையான கத்தி, ஒரு வாளித் தண்ணீர், சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகிய மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான சோதனைகளைச் செய்துவிடலாம்.

அறிகுறி 1: கொட்டை போட்டும் முளைக்கவில்லை

முதல் காரணம் கொட்டையின் வயது. மாங்கொட்டை நெல்லைப்போல் உலர்த்தி வைக்கக்கூடிய விதையன்று. உலர்ந்தால் உள்ளிருக்கும் கரு இறந்துவிடும். பழத்திலிருந்து எடுத்த நான்கைந்து வாரங்களுக்குள் பாத்தியில் இட்டுவிட வேண்டும். கூழ் ஆலைகளிலிருந்து வண்டியில் வரும் கொட்டையை வந்த அன்றே கொட்டிப் பரப்பாமல் குவியலாக விட்டால், ஒட்டியிருக்கும் சதை புளித்துச் சூடேறி, வெளியே நன்றாகத் தெரியும் கொட்டைகூட உள்ளே பழுப்பேறி வெந்துபோயிருக்கும். குவியலின் நடுவில் கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரியும்.

வாளித் தண்ணீரில் கொட்டைகளைப் போட்டு, மிதப்பவற்றைத் தள்ளிவிடுங்கள். மூழ்கியவற்றில் சிலவற்றின் ஓட்டை உடைத்துப் பருப்பைப் பாருங்கள். வெண்மையும் இளம்பச்சையும் கலந்து கெட்டியாக இருந்தால் நல்லது. பருப்பில் கறுப்புத் துளையும் எச்சத் துகளும் இருந்தால் கூன்வண்டு உள்ளே வளர்ந்து கருவைத் தின்றிருக்கிறது. அந்தத் தோட்டத்துக் கொட்டையை அந்த ஆண்டு வாங்காமல் விடுவதே மலிவான தீர்வு. பருப்பு நன்றாக இருந்தும் முளை வரவில்லையென்றால் போட்ட விதத்தைப் பாருங்கள். வளைந்த முதுகு மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்ட கொட்டையில் தண்டு சுற்றிக்கொண்டு வளைந்து வரும், அதில் ஒட்டுக் கட்டவும் முடியாது.

ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் கிளம்பினால் அதை நோய் என்று எண்ண வேண்டாம். வெள்ளைக்கொழும்பன், ஓலூர் போன்ற இரகங்களில் மகரந்தச் சேர்க்கையால் உண்டான கருவுக்குப் பக்கத்திலேயே தாயின் திசுவிலிருந்தும் கருக்கள் தோன்றும். அவை தாயின் நகல்கள். தோண்டிப் பார்த்து ஒவ்வொரு தண்டுக்கும் தனி வேர் இருந்தால் பிரித்து நடலாம். நம் பக்கத்துப் பெங்களூராவும் நீலமும் பொதுவாக ஒரே முளை விடுபவை. ஆகவே கொட்டையில் வந்த பெங்களூராக் கன்று பெங்களூராவாகவே காய்க்கும் என்று நம்பி நட வேண்டாம்.

அறிகுறி 2: கட்டிய சில நாள்களிலேயே குச்சி கறுக்கிறது

எந்தத் திசையில் கறுக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. இதைக் கவனிக்காமல் மருந்துக் கடைக்கு ஓடுவோரே அதிகம்.

*நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கறுத்தால்* குச்சி நீரிழந்து காய்ந்திருக்கிறது. நாட்டுக்கன்றோடு இணைந்து நீர்க்குழாய்கள் உருவாகும்வரை குச்சி தன்னிடமுள்ள ஈரத்தைக் கொண்டே உயிர் வாழ வேண்டும். குச்சி வெட்டியதற்கும் கட்டியதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆயிற்று, இடையில் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தார்களா என்று விசாரியுங்கள். தாய்மரம் பர்கூரிலும் பண்ணை சந்தூரிலும் இருக்க, இரு சக்கர வண்டியின் முன்கூடையில் வெயிலில் கொண்டுவந்த குச்சிகள் பட்டுப்போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அடுத்தது, குச்சியின்மேல் கவிழ்க்கும் பாலித்தீன் உறை. உறையின் உட்புறத்தில் காலையில் நீர்த்துளி படிந்திருக்க வேண்டும். உலர்ந்திருந்தால் உறை கிழிந்திருக்கிறது அல்லது அடியில் கட்டு தளர்ந்திருக்கிறது. அதையும் கடந்தால் நிழல்வலை. ஆனி ஆடியில் இங்கே அடிக்கும் காற்று வெயிலைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், மேற்குப் பக்கத்து வலையைத் தரைவரை இறக்கிவிடுவது நல்லது.

*முடிச்சிலிருந்து மேல்நோக்கிக் கறுத்தால்* அது அழுகல். கட்டை அவிழ்த்துக் குச்சியை உருவிப் பாருங்கள். வெட்டுப்பரப்பு வழவழப்பாகப் பழுப்பேறிப் புளித்த வாடை அடித்தால் நீர் உள்ளே இறங்கியிருக்கிறது, அல்லது கத்தி அசுத்தம். தண்ணீரைப் பூவாளியால் தலைமேல் ஊற்றாமல் பையின் அடியில் விடச் சொல்லுங்கள். கத்தியை ஒவ்வொரு வரிசைக்கும் ஸ்பிரிட்டில் துடைக்கட்டும். மாம்பால் வெட்டுப்பரப்பில் வழிந்து உறைந்தால் அதுவும் இரு பரப்புகளும் ஒட்டுவதைத் தடுக்கும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு உடனே செருக வேண்டும்.

ஒரே ஆள் கட்டியவை மட்டும் பட்டுப்போய், அதே குச்சியில் மற்றவர் கட்டியவை பிழைத்திருந்தால் கத்தியையும் கையையும் மாற்றினால் போதும். எல்லோர் கட்டியதும் பாத்தி பாத்தியாகப் பட்டுப்போய், நாட்டுக்கன்றின் தண்டும் மண்மட்டத்தில் கறுத்திருந்தால் வேரழுகல் பூசணம் மண்கலவையில் இருக்கலாம். அங்கேதான் வல்லுநரை அழைக்க வேண்டும்.

அறிகுறி 3: குச்சி பச்சையாகவே நிற்கிறது, துளிர் வரவில்லை

இந்த அறிகுறிக்கு முதல் மருந்து பொறுமை. மூன்று நான்கு வாரம்வரை குச்சி சும்மா நிற்பதுபோல் தெரிந்தாலும் கட்டுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும். வெட்டுப்பட்ட இடத்தின் இருபுறமும் உயிரோடிருக்கும் அணுக்கள் பிரிந்து பெருகி, வெள்ளைப் புடைப்பாகத் திரண்டு, இடைவெளியை நிரப்புகின்றன; பிறகே அதன் ஊடாக இரு பட்டைகளுக்கும் அடியிலுள்ள வளர்படலம் (புது அணுக்களை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு) ஒன்றோடொன்று தொடர்கிறது. கட்டியது நிறமற்ற பாலித்தீன் நாடாவாக இருந்தால், வெட்டின் விளிம்போரமாக இந்த வெண்ணிறப் புடைப்பைக் கண்ணாடி வைத்துப் பார்க்க முடியும். மணல்மணிகளை வரிசையாக ஒட்டிவைத்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். அது தெரிந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

அது தெரியவில்லையென்றால் நகத்தால் குச்சியின் பட்டையைச் சிறிது கீறுங்கள். அடியில் பச்சை ஈரமாக இருந்தால் குச்சிக்கு உயிர் இருக்கிறது. குறை கட்டில் இருக்கிறது. நாடா தளர்ந்திருக்கலாம். அல்லது நாட்டுக்கன்று தடித்தும் குச்சி மெலிந்தும் இருக்க, கட்டியவர் குச்சியைப் பிளவின் நடுவில் வைத்திருப்பார். அப்போது இரு பக்கத்திலும் பட்டை பட்டையைத் தொடாது. பருமன் ஒத்துவராதபோது குச்சியை ஒரு பக்க விளிம்போடு சேர்த்து வைக்க வேண்டும், ஒரு பக்கம் பொருந்தினாலே ஒட்டுப் பிடித்துவிடும். ஆப்பு வடிவச் சீவல் நான்கு ஐந்து செண்டிமீட்டர் நீளமும் இரு பக்கமும் ஒரே வீச்சில் வந்த சமதளமும் உடையதாக இருக்க வேண்டும். கத்தியை மூன்று முறை இழுத்துச் சீவிய பரப்பு அலையலையாக இருக்கும். இரண்டு பரப்புகளுக்கும் நடுவே காற்று நிற்கும்.

கட்டு நன்றாக இருந்தும் துளிராவிட்டால் மொட்டு முதிரவில்லை என்று பொருள். மூன்று நான்கு மாத வயதுடைய, பென்சில் பருமனுள்ள நுனிக்கிளையைத் தேர்ந்து, ஏழு முதல் பத்து நாள் முன்னதாகவே இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி கிள்ளிவிட்டால், நுனிமொட்டு பருத்து விழித்துக்கொள்ளும். அந்த இலைக்காம்புகள் தொட்டால் உதிரும் நிலையில் குச்சியை வெட்டுவதே சரியான தருணம். இலையைக் கிள்ளிய அன்றே வெட்டிக் கட்டிய குச்சிகள் நாள் கடத்தும். மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கட்டியவை எல்லாமே மந்தமாகத்தான் வரும். குளிரில் உயிரணுப் பிரிவு மெதுவாக நடப்பதற்கு எந்த உரமும் மாற்று ஆகாது.

அறிகுறி 4: துளிர்த்த பிறகு வாடித் தொங்குகிறது

துளிர் வந்ததை ஒட்டுப் பிடித்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குச்சி தன்னிடம் சேமித்த உணவைக் கொண்டே முதல் தளிரை விட்டுவிடும்; இணைப்பு முழுமையாகாவிட்டால் அந்தத் தளிரே அதன் கடைசி.

உறையை எப்போது, எந்த வேளையில் நீக்கினார்கள் என்பதை முதலில் பாருங்கள். நடுப்பகலில் ஒரேயடியாக உருவியிருந்தால் அதுவே காரணம். மாலையில் உறையின் நுனியை மட்டும் வெட்டிவிட்டு, சில நாள் கழித்து முழுவதும் எடுக்க வேண்டும். அடுத்தது நாடா. தளிர் வந்த மகிழ்ச்சியில் நாடாவையும் அவிழ்ப்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று மாதம்வரை அதைத் தொடக் கூடாது. இவ்விரண்டும் சரியாக இருந்து, பையை அழுத்தினால் நீர் கசிந்தால், அடித்துளைகள் அடைபட்டிருக்கின்றன. குறை இப்போது முடிச்சுக்குக் கீழே போய்விட்டது. வேரைப் பிரித்துப் பார்த்து, வெள்ளை வேர்நுனிகள் இல்லையென்றால் அந்தக் கன்றை விட்டுவிடுவதே நல்லது.

அறிகுறி 5: முடிச்சுக்குக் கீழே துளிர் கிளம்புகிறது

வந்தவுடன் கிள்ளிவிடுங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நட்ட பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். முடிச்சு மண்ணுக்குள் புதையும்படி நட்டுவிட்டால் கீழ்த்துளிர் எது, மேல்துளிர் எது என்றே தெரியாமல் போகும். அறிகுறி 8-இல் வரும் வழக்குகளில் கணிசமானவை இங்கேதான் தொடங்குகின்றன.

அறிகுறி 6: துளிருக்குப் பதிலாகப் பூ வருகிறது

பூக்க ஆயத்தமான கிளையிலிருந்து குச்சி எடுத்திருக்கிறார்கள். ஆறு அங்குலக் கன்றில் பூங்கொத்தைப் பார்க்க அழகாக இருக்கும், விற்பவரும் அதைக் காட்டியே விலையை ஏற்றுவார். வாங்குபவர் செய்ய வேண்டியது, பூங்கொத்தை அடியோடு கிள்ளிவிடுவதுதான். வயலில் நட்ட பிறகும் முதல் மூன்று ஆண்டுகள் பூவை நிற்க விடாதீர்கள்.

அறிகுறி 7: முடிச்சு பருத்து, காற்றில் முறிகிறது

முறிந்த இடத்தைப் பாருங்கள். தண்டைச் சுற்றி வளையமாகப் பள்ளம் இருந்தால், நடும்போது நாடாவை அகற்றவில்லை. தண்டு பருக்கப் பருக்க நாடா உள்ளே புதைந்து, மேலிருந்து இறங்கும் உணவை நிறுத்திவிடும். மேற்பகுதி வீங்கும், கீழ்ப்பகுதி மெலியும். இன்னும் முறியாத கன்றுகளில் பிளேடால் நாடாவை நெடுக்குவாக்கில் கீறி, ஒரு கழி நட்டுக் கட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். வளையப் பள்ளம் இல்லாமல், முறிந்த பரப்பு உடைந்த மரம்போல் நார்நாராக இல்லாது வழுவழுப்பாகப் பிரிந்திருந்தால், அந்த இணைப்பு உள்ளே ஒருபோதும் முழுமை பெறவில்லை. அதற்கு வயலில் பரிகாரம் இல்லை, மாற்றுக் கன்றுதான்.

அறிகுறி 8: வாங்கியது ஒரு ரகம், காய்ப்பது வேறு ரகம்

நான்கைந்து ஆண்டு உழைப்புக்குப் பின் வெளிப்படும் குறை என்பதால் இதில்தான் சண்டை அதிகம். எனவே வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில், காய் வேறாக இருப்பது மரம் முழுவதுமா, ஒரு கிளையில் மட்டுமா? ஒரு கிளையில் மட்டுமென்றால் அந்தக் கிளையை அடிவரை தொடர்ந்து சென்று அது முடிச்சுக்குக் கீழிருந்து புறப்படுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது நாட்டுக்கன்றின் கிளை. அடியோடு அறுத்துவிடுங்கள், செலவு இல்லை.

மரம் முழுவதும் வேறென்றால், தண்டில் ஒட்டுத் தழும்பைத் தேடுங்கள். தழும்புக்கு மேலிருந்த பகுதி எப்போதோ ஆடு கடித்தோ காய்ந்தோ போயிருக்க, கீழ்த்துளிரே மரமாகிவிட்டதை உரிமையாளர் கவனிக்காமல் இருந்திருக்கலாம். தழும்பு தெளிவாக இருந்து, அதற்கு மேல்தான் கிளைகள் எல்லாம் புறப்பட்டிருந்தால், குச்சியே தவறான தாய்மரத்திலிருந்து வந்திருக்கிறது. அதை உறுதிசெய்யப் பூப்பதற்கு முன்பே ஒரு வழி உண்டு. இளந்தளிரின் நிறத்தையும், முதிர்ந்த இலையைக் கசக்கினால் வரும் வாசனையையும் ஐயமில்லாத தாய்மரத்தின் இலையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பழகிய கண்ணும் மூக்கும் பிரித்தறிந்துவிடும்.

இங்கே நிறையப் பேர் நம்பும் ஒரு காரணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து நாட்டு மாவின் மகரந்தம் வந்து விழுந்ததால் தம் செந்தூராவின் சுவை கெட்டுவிட்டது என்பார்கள். மாம்பழத்தின் தோலும் சதையும் தாய்மரத்தின் சூலகச் சுவரிலிருந்து வளர்பவை. அயல் மகரந்தத்தின் குணம் கொட்டைக்குள் இருக்கும் கருவுக்குத்தான் போகும். அந்தக் கொட்டையை நட்டால் வேறு மரம் வருமே தவிர, அந்தப் பழத்தின் சதையில் அது தெரியாது. சுவை குறைந்ததற்கு முற்றாத காய், கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தல், அறுவடைக்கு முந்தைய மழை ஆகியவற்றில் ஒன்றைத் தேடுங்கள்.

தவறான ரகம் உறுதியாகிவிட்டால் மரத்தை வெட்டிவிட்டுப் புதிதாக நடுவதற்கு முன், மேல் ஒட்டு முறையைக் கருதுங்கள். கிளைகளைக் கவாத்து செய்து, வெட்டிய இடத்தில் வரும் புதுத்தளிர்களில் வேண்டிய ரகத்தின் குச்சியைக் கட்டினால், ஏற்கெனவே ஊன்றிய வேர் வீணாகாது. ஆனால் இது நாற்றங்கால் ஒட்டைவிடக் கைப்பழக்கம் மிகுதியாக வேண்டிய வேலை. தேர்ந்த ஆளைக் கூலிக்கு அமர்த்தாமல் இறங்க வேண்டாம்.

அறிகுறி 9: நிறையப் பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை

எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வது முதற்படி. ஒரு பூங்கொத்தில் ஆயிரம் முதல் சில ஆயிரம் பூக்கள்வரை இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ஆண்பூக்கள். நூற்றுக்கு ஒன்றுகூட முற்றிய காயாக நிற்பதில்லை. ஆகவே தரையில் பூ கொட்டிக் கிடப்பது தனியே ஒரு குறையன்று.

*பூ கருகி, கொத்து வெண்மை அல்லது பிசுபிசுப்பு அடைந்தால்:* வெள்ளை மாவு படிந்திருந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். கிளையை உலுக்கினால் ஆப்பு வடிவச் சிறுபூச்சிகள் பறந்து, இலைகள் தேன்பூசியதுபோல் மின்னிப் பின்பு கரிப்பூச்சாக மாறினால் தத்துப்பூச்சி. இதற்கான மருந்தை மொட்டு நிலையிலேயே முடித்துவிட வேண்டும்.

*பூ நலமாகவே இருந்து பிஞ்சே தோன்றாவிட்டால்:* ஒரு கொத்தை எடுத்துப் பூக்களைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடுவில் பச்சை நிறத்தில் கடுகளவு உருண்டை இருந்தால் இருபால் பூ, இல்லாவிட்டால் ஆண்பூ. கொத்தில் இருபால் பூக்கள் மிக அரிதாக இருந்தால் அது ரகத்தின் குணமாகவோ, பூ உருவாகும்போது இருந்த குளிரின் விளைவாகவோ இருக்கும். மல்கோவாவை நீலத்தோடு ஒப்பிட்டுக் குறைபட்டுப் பயனில்லை. இருபால் பூக்கள் போதிய அளவு இருந்தும் பிஞ்சு இல்லையென்றால், முற்பகலில் மரத்தடியில் கால் மணி நேரம் நின்று பூவில் என்ன உட்காருகிறது என்று பாருங்கள். மாவுக்கு மகரந்தம் சுமப்பதில் ஈக்களுக்குப் பெரும்பங்கு உண்டு, கொசுத்தேனீயும் அடுக்குத் தேனீயும் கூட வரும். எதுவுமே வரவில்லையென்றால் பூ விரிந்த பிறகு மருந்து அடித்திருக்கிறீர்கள், அல்லது அக்கம்பக்கத்தார் அடித்திருக்கிறார்கள். பல ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை என்பதால், ஒரே ரகத்தை ஏக்கர் கணக்கில் நட்டிருந்தால் இடையிடையே வேறு ரகத்தை மேல் ஒட்டாகக் கட்டுவது நீண்டகாலத் தீர்வு.

*பிஞ்சு கொத்துக்கொத்தாகத் தோன்றி, கோலிக்குண்டு அளவில் நின்று உதிர்ந்தால்:* சிலவற்றை நெடுக்காக அறுங்கள். உள்ளே விதை சுருங்கியோ இல்லாமலோ இருந்தால் கரு உண்டாகவில்லை. மேலே சொன்ன ஈப் பிரச்சினைதான் இதற்கும் காரணம். நீர் பாய்ச்சி இதைச் சரிசெய்ய முடியாது. விதை நன்றாக இருந்தும் உதிர்ந்தால் அப்போது ஈரப்பதத்தைப் பாருங்கள். பிஞ்சு பிடித்த பிறகு பாசனம் தவறக் கூடாது. என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசெட்டிக் அமிலம்) வளர்ச்சி ஊக்கியை லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்ற அளவில் தெளிப்பதும் பரிந்துரையில் உள்ளது. அளவு கூடினால் உதிர்வு அதிகமாகும்.

*பூங்கொத்து தடித்து, குறுகி, முட்டைக்கோசுபோல் திரண்டால்:* இது உருக்குலைவு நோய், பூசணத்தால் வருவது. அந்தக் கொத்தை அதற்குக் கீழே ஒரு சாண் நல்ல கிளையோடு சேர்த்து வெட்டி எரித்துவிடுங்கள்; அந்த மரத்திலிருந்து ஒருபோதும் ஒட்டுக்குச்சி எடுக்காதீர்கள், ஏனெனில் குச்சி தாயின் குணத்தோடு தாயின் நோயையும் கொண்டுவரும். நாற்றங்கால் கன்றிலேயே நுனி கொத்தாகத் திரண்டால் அந்தத் தொகுதியின் விற்பனையை நிறுத்திவிட்டு வல்லுநரை அழைக்க வேண்டும்.

அழைக்க வேண்டியவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள்: வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம், காவேரிப்பட்டணம் அருகே பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம், தருமபுரிப் பக்கத்தவருக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம். போகும்போது வாடிய இலை ஒன்றை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகாமல், நோய் தொடங்கும் இடத்தில் பாதி நலமும் பாதி நோயுமாக உள்ள துண்டைச் செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் அடைக்காமல், வேர் மண்ணில் ஒரு பிடியும், தாய்மரம் எது, கடைசியாக எந்த மருந்தை எந்த நாளில் அடித்தீர்கள் என்ற குறிப்பும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.